ராஜபாளையத்தில் கட்டிய படகு

ராஜபாளையத்தில் அந்தத் தெருக்காரர்களுக்குக் கடலைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் ஜெபினைத்தான் கேட்பார்கள். வண்டியில் வரும் மீன்காரர் விற்பது சீலாவா, சீலா என்று சொல்லி வேறெதையோ தலையில் கட்டப் பார்க்கிறாரா என்று சொல்ல அவன் வேண்டும். டி.வி.யில் புயல் சின்னம் என்று காட்டினால் பால்ச்சாமியின் டீக்கடை பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டு உட்காருவார்கள். மில்லில் ஷிப்டு முடிந்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வருகிறவன், சூடான கிளாசைத் துண்டால் பிடித்துக்கொண்டு, தான் பார்த்த புயல்களைச் சொல்வான். வலையில் சிக்கிய சுறா வள்ளத்தையே இழுத்துக்கொண்டு போனதைச் சொல்வான். கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் விடிய விடியக் கிடந்ததைச் சொல்வான்.

எல்லாம் நடந்தவைதான். ஆனால் அவனுக்கு நடந்தவை அல்ல. அவனுடைய அண்ணன் ஜெபக்குமாருக்கு நடந்தவை.

ஜெபினின் சொந்த ஊர் வேம்பாரை ஒட்டிய ஒரு சின்னக் கடற்கரை. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டதும் அவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வள்ளம் முதல் அலையைத் தாண்டும்போதே அவனுக்குக் குமட்டல் எடுத்துவிடும். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் பழகியது. அவனுக்குப் பழகவில்லை. பழகாததோடு பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் காற்று திடீரென்று திரும்பி வள்ளம் சாய்ந்தபோது, அவன் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு வள்ளத்தின் அடியில் கிடந்து, "கரைக்குப் போவோம், கரைக்குப் போவோம்" என்று ஊளையிட்டான். பக்கத்து வள்ளத்துக்காரர்கள் அதைக் கேட்டார்கள். கரை வந்து சேர்வதற்குள் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏலக்கூடத்தில் பெண்கள்கூட, "ஏலே ஜெபினு, நீ போட்ட சத்தத்துல மீனெல்லாம் இலங்கைக்குப் போயிட்டாம்லா" என்றார்கள். அதன் பிறகு அவனால் அந்த மணலில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ராஜபாளையத்தில் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டான்.

மில் விடுதியில் முதல் நாள் ஒருவர், "கடக்கரைப் பக்கமா? கடலுக்குப் போயிருக்கீயளா?" என்று கேட்டார்.

"பின்ன?" என்றான் ஜெபின்.

அந்த ஒற்றைச் சொல்லில்தான் ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் வந்த சுறாவும் புயலும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டவை. அதே மில்லில் கோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பாண்டிசெல்வி அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் வீட்டில் கடுமையாக எதிர்த்தார்கள். சர்ச்சுக்குப் போகிற பையன், யார் எவர் என்று தெரியாது, வேண்டாம் என்றார்கள். பட்டாளத்தில் இருந்த அவளுடைய அண்ணன் பொன்னுராஜ் லீவில் வந்து ஜெபினோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினார். சுறாக் கதையை ஆடாமல் அசையாமல் கேட்டார். வீட்டுக்குப் போய், "கடல்ல உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் பொழச்ச பய. இவன நம்பிக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பொன்னுராஜ் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

ஆக, ஜெபினின் குடும்ப வாழ்க்கையே அந்தச் சுறாவின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

பொன்னுராஜ் பட்டாளத்தில் ஆற்றுக்குப் பாலம் போடுகிற பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்று வந்து, ஊருக்கு வெளியே தென்காசி ரோட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, ஃபைபர் வேலை செய்துகொண்டிருந்தார். பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடப் பூங்காவுக்கு யானை, ஒட்டகச்சிவிங்கி. நல்ல வேலைக்காரர். ஆனாலும் ஒட்டகச்சிவிங்கி செய்துகொண்டே வயதாவதில் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

ஒருமுறை ஜெபக்குமார் தம்பியைப் பார்க்க வந்திருந்தபோது, சுறாக் கதைப் பக்கம் பேச்சு போகாமல் ஜெபின் பார்த்துக்கொண்டான். ஆனால் டீசல் விற்கிற விலைக்குக் கடலில் இறங்குவதா வேண்டாமா என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி ஜெபக்குமார் புலம்பினார். பொன்னுராஜ் அதை மனதில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்துக் கையில் போனோடு ஜெபினின் வீட்டுக்கு வந்தார். போனில் ஒரு வெளிநாட்டுப் படகு ஓடிக்கொண்டிருந்தது. ஒல்லியான இரண்டு தொட்டிகள், இரண்டையும் இணைத்துக் குறுக்கே குழாய்கள், நடுவே வலையால் பின்னிய தளம், மேலே பாய்.

"கேட்டமரானாம், மாப்ள. நம்ம கட்டுமரத்தோட பேரத் தூக்கிட்டுப் போயி, ரெண்டு தொட்டிய ஒட்டி வச்சு, அவன் படகுன்னு சொல்லுதான். காத்து இருந்தா பாயில ஓடும். காத்து இல்லன்னா ரெண்டு தொட்டிக்குப் பின்னாலயும் சின்ன மோட்டார். டீசலே வேண்டாம், கொஞ்சம் பெட்ரோல் போதும். நான் கட்டுதேன். ஒங்க அண்ணாச்சி மீன் பிடிக்கட்டும்."

"நல்ல யோசனதான் மச்சான்" என்றான் ஜெபின், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"நான் கட்டிருவேன். கடல் எனக்குத் தெரியாது. அது ஒங்களுக்குத்தான தெரியும்? நீங்க சொல்லச் சொல்லச் செய்யுதேன். கடல்ல மொத ஓட்டம் நீங்கதான் ஓட்டணும்."

பாண்டிசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பெருமைச் சிரிப்பு. ஜெபினுக்குக் கையில் இருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகவில்லை.

வேலை தொடங்கியது. பொன்னுராஜ் சாக்பீஸால் தரையில் முழு அளவில் படகை வரைந்தார். பிளைவுட்டில் விலா எலும்பு போலச் சட்டங்கள் அறுத்து நிறுத்தி, அவற்றின் மேல் மெல்லிய பலகையை வளைத்து ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து ரெசின் பூசினார். கிணற்றில் தண்ணீர் இறைக்கப் பயன்படும் சின்னப் பெட்ரோல் இன்ஜின் இரண்டு வாங்கி, நீளமான ஷாஃப்டும் விசிறியும் கடைந்து மாட்டினார். பாய் தைக்கிற வேலை பாண்டிசெல்விக்கு. தார்ப்பாயைக் கொட்டகையில் விரித்துப் போட்டு, மடிப்பு மடிப்பாகத் தைத்தாள். மூன்று தையல் மெஷின் ஊசிகளை உடைத்தாள். ஒவ்வொரு ஊசி உடையும்போதும், "ஒங்க கடலுக்கு எத்தன ஊசிதான் குடுக்கது" என்று அவனைச் சீண்டுவாள்.

படகு உருவம் கொள்ளக் கொள்ள ஜெபினுக்குத் தூக்கம் போயிற்று. எப்படியாவது நாளைக் கடத்த வேண்டும் என்று, வாயில் வந்த குறைகளைச் சொன்னான்.

"மச்சான், ரெண்டு தொட்டிக்கும் இடவெளி பத்தாது. நடுவுல அலை குமுறித் தூக்கிரும்" என்றான். பொன்னுராஜ் குழாய்களைக் கழற்றிப் போட்டுவிட்டு நீளமானவை வாங்கி மாட்டினார்.

"இந்தப் போல்ட்டெல்லாம் உப்புத் தண்ணிக்கு ஒரு வருசம் தாங்காது" என்றான். அத்தனையும் ஸ்டெயின்லஸ் ஸ்டீலாக மாறியது.

"தொட்டி உள்ளுக்குள்ள ஒரே அறையா இருக்கு. ஒரு ஓட்ட விழுந்தா மொத்தமா முங்கிரும். குறுக்க தடுப்பு வேணும்" என்றான். இதைச் சொன்னால் வேலை மாதக்கணக்கில் இழுக்கும் என்பது அவன் கணக்கு. பொன்னுராஜ், "இதுக்குத்தான் கடக்காரன் கூட இருக்கணுங்கது" என்று சொல்லி, மேல்தளத்தைத் திறந்து தடுப்பு வைத்து மறுபடி மூடினார்.

பயத்தில் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றும் படகை இன்னும் நல்ல படகாக ஆக்கிக்கொண்டிருந்தன. அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லக் குறை எதுவும் மிச்சமில்லாத ஒரு நாள் வந்தது.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. செண்பகத்தோப்புப் பக்கத்து ஓடைகளெல்லாம் இறங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தை ஒட்டிய பெரிய கண்மாய் நிரம்பிக் கிடந்தது. கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன் அங்கே ஓட்டிப் பார்ப்பது என்று பொன்னுராஜ் முடிவு செய்தார். கண்மாயில் நான் ஓட்டுகிறேன், கடலில் மாப்பிள்ளை ஓட்டுவார் என்று டீக்கடையில் சொல்லிவிட்டார். அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் படகைக் கழற்றி டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரையில் இறக்கியபோது, வைத்தியநாதர் கோயிலுக்கு வந்தவர்கள், ராஜபாளையத்திலிருந்து பைக்கில் வந்தவர்கள் என்று திருவிழாக் கூட்டம். பால்ச்சாமி கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார்.

குழாய்களைப் பூட்டி முடித்ததும் பொன்னுராஜ் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். தொட்டிகளின் பின்பக்கம், உள்ளே சேரும் தண்ணீரை வடிப்பதற்காக ஒரு துளை விட்டு அதற்குப் பித்தளைத் திருகுமூடி போட்டிருந்தார். அதையும் திருகிப் பார்த்தார். திருப்தியாகச் சூடமும் தேங்காயும் எடுத்துவர டிராக்டர் பக்கம் போனார். கூட்டமும் அவர் பின்னால் திரும்பியது.

ஜெபின் இடது தொட்டிக்குப் பின்னால் குனிந்து, மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் கெட்டது எதுவும் நினைக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கரையோரத் தண்ணீர் இடுப்பளவுதான். மச்சான் ஆற்றில் நீந்தியவர். படகு கொஞ்சம் சாயும், நாலு பேர் சிரிப்பார்கள், இது நமக்குச் சரிப்படாது என்று அவரே விட்டுவிடுவார். அவ்வளவுதானே?

சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அது மிதந்த அழகைப் பார்த்துக் கூட்டம் ஒரு நொடி சத்தமே இல்லாமல் நின்றது. பொன்னுராஜ் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். அப்போது பாண்டிசெல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணே, நான் தச்ச பாய நான் பாக்காண்டாமா?" என்று தண்ணீருக்குள் இறங்கி, வலைத்தளத்தின் மேல் தாவி ஏறிவிட்டாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது.

ஜெபின் வாயைத் திறந்தான். 'ஏட்டி, எறங்கு' என்ற இரண்டே சொல்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பைக்குள் மூடி கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டான். அவள் அவனைப் பார்த்துக் கையாட்டினாள். அவனும் கையை ஆட்டினான்.

படகு நடுக்கண்மாய்க்குப் போனது. பாயை ஏற்றினார்கள். மலைப்பக்கத்திலிருந்து வந்த காற்றில் பாய் பொம்மென்று நிறைந்து, இன்ஜினை நிறுத்திய பிறகும் படகு ஓடியது. கரையில் விசில் பறந்தது. பால்ச்சாமி ஜெபினின் முதுகில் தட்டி, "ஒங்க ஆளுக ஓடுத ஓட்டத்தப் பாத்தீயளா!" என்றார். ஜெபினின் கண் இடது தொட்டியின் பின்பக்கத்தைவிட்டு நகரவில்லை. அது இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவனுக்கு மட்டும் தெரிந்தது. பிறகு எல்லாருக்கும் தெரிந்தது.

பாயில் காற்று நிறைந்திருக்கும்போதே இடது பின்மூலை அமிழ்ந்தது. படகு ஒருபக்கமாகச் சரிந்து, பாண்டிசெல்வி வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தாள். பொன்னுராஜ் பின்னாலேயே குதித்து, அவளைப் படகின் முன்முனையான அணியத்துக்குத் தள்ளினார். கரையில் பெண்கள் அலறினார்கள். அதற்குப் பிறகுதான் ஜெபின் ஓடினான். கண்மாய்த் தண்ணீரில் அவனுக்குப் பயமில்லை. அலை இல்லாத இடத்தில் நன்றாகவே நீந்துவான். அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் நிமிர்ந்து நின்ற அணியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். தொட்டியின் முன்பாதியில் தண்ணீர் ஏறவில்லை. அவன் பொய்யாகக் கேட்டு வாங்கிய தடுப்பு அதை மிதக்க வைத்திருந்தது. அவளை முதுகில் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தான்.

கரையில் அவனுக்குக் கைதட்டினார்கள். "கடக்காரன்னா கடக்காரன்தான்யா" என்றார் ஒருவர். பாண்டிசெல்வி நடுங்கிக்கொண்டே அவன் தோளில் முகத்தை வைத்து, "நீங்க வருவீயன்னு தெரியும்" என்றாள். படகைக் கயிறு கட்டி இழுத்தபோது, ஜெபினும் தண்ணீருக்குள் நின்று பின்பக்கத்தைத் தள்ளுவது போல் குனிந்து, மூடியைப் பழையபடி திருகிவைத்தான். அவசரத்தில் இரண்டு முறை மரை கோணலாகப் பிடித்தது.

படகு கரையேறியதும் பொன்னுராஜ் முதலில் அந்த மூடியைத்தான் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. அவர் முகம் இருண்டது.

"மூடி நல்லாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "அப்ப என் ஒட்டுதான் விட்டுருக்கு."

கூட்டத்தில் யாரோ, "தொட்டி செய்யுத ஆளுதான? தண்ணிய உள்ள வாங்கத்தான் செய்யும்" என்றார். சிரிப்பு கண்மாய்க் கரை நெடுகப் பரவியது. பட்டாளத்து உடம்போடு எப்போதும் நிமிர்ந்தே நிற்கும் பொன்னுராஜ், ஈர வேட்டியோடு தலையைக் குனிந்துகொண்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

அதற்குப் பின் வந்த நாட்கள்தான் ஜெபினுக்குத் தாங்க முடியாதவை. டீக்கடையில் பொன்னுராஜுக்கு 'முங்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள். பொன்னுராஜ் டீக்கடைப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். ஜெபினைப் பார்த்தவர்கள் எல்லாரும், பொண்டாட்டியைக் காப்பாற்றிய கதையைச் சொல்லச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று நழுவினான். அடக்கமான ஆள் என்றார்கள். பாண்டிசெல்வி முன்னைவிடப் பிரியமாக இருந்தாள். தட்டில் மீன் துண்டு ஒன்று கூடுதலாக வைப்பாள். அது ஒவ்வொன்றும் அவனுக்கு முள்ளாகவே இறங்கியது.

கொட்டகையில் பொன்னுராஜ் தொட்டியின் அடிமூட்டைக் கிரைண்டரால் கீறித் திறந்து, ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தூள் பறந்து அவர் கைகளும் கழுத்தும் தடித்துச் சிவந்திருந்தன. சொறிந்து சொறிந்து சில இடங்களில் ரத்தம் கட்டியிருந்தது. ஒரு பக்கம் திறந்து பார்ப்பார். ஒட்டு கல் மாதிரி இருக்கும். மூடிவிட்டு அடுத்த பக்கம் திறப்பார். ஷிப்டு முடிந்து போகும் ஜெபின் பக்கத்தில் நின்று தூசியைத் துடைத்துவிடுவான்.

ஒரு நாள் மத்தியானம் அவன் போனபோது கிரைண்டர் ஓடவில்லை. பொன்னுராஜ் ஒரு கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மூலையில் பாண்டிசெல்வி கிழிந்த பாயின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள" என்றார் பொன்னுராஜ். "அறுத்துப் போட்டுரலாம்னு இருக்கேன்."

"எத?"

"எல்லாத்தையுந்தான். எங்கன தேடியும் ஓட்ட கெடைக்கல. கெடச்சா அடைக்கலாம். கெடைக்காத ஓட்டய எப்பிடி அடைக்கது? இத நம்பி ஒங்க அண்ணாச்சிய எப்பிடிக் கடல்ல எறக்கது?" அவர் தன் தடித்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தன ஆத்துல பாலம் போட்டுருக்கேன். அம்புட்டு லாரியும் டாங்கியும் ஏறிப் போச்சு. ஒருத்தன் கால் நனையல. இங்க, ஊரே பாத்துக்கிட்டு நிக்க, எந் தங்கச்சியத் தண்ணியில போட்டேன். இனிமே இந்தக் கையால கதவு மட்டும் செஞ்சாப் போதும்."

எழுந்துபோய்க் கிரைண்டருக்குப் பெரிய பிளேடை எடுத்து மாட்டினார். ஸ்விட்சில் கை வைத்தார்.

"மச்சான்" என்றான் ஜெபின். "வேண்டாம். ஒட்டுல ஒண்ணும் இல்ல."

"அது எப்பிடி ஒங்களுக்குத் தெரியும்?"

"மூடிய நாந்தான் கழத்துனேன்."

பொன்னுராஜுக்குப் புரியவில்லை. மூடி இறுக்கமாக இருந்ததே என்றார். அதை மறுபடி மாட்டியதும் நான்தான் என்றான் ஜெபின். பிறகு நிறுத்த முடியவில்லை. கடல் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை, அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுததை, சுறா தன்னுடையது அல்ல என்பதை, குறை சொன்னதெல்லாம் நாளைக் கடத்தத்தான் என்பதை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எங்கேயோ நடுவில் தையல் மெஷின் நின்றுவிட்டிருந்தது.

பாண்டிசெல்விதான் முதலில் பேசினாள்.

"நான் படகுல ஏறுனப்ப எங்கன நின்னீய?"

"கரையில."

"நான் ஏறுனத பாத்தீயளா?"

"பாத்தேன்."

"மூடி இல்லன்னு தெரியும். எனக்கு நீச்சத் தெரியாதுன்னும் தெரியும்."

அவன் தலையை ஆட்டினான்.

"கைய வேற ஆட்டுனீயள்ளா" என்றாள்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. ஊசியில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், பாயை மடித்து வைத்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். ஜெபின் கொட்டகை வாசல்வரை போய் நின்றுவிட்டான்.

பொன்னுராஜ் கிரைண்டரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று ஜெபின் நினைத்தான். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவர் படகுப் பக்கம் போனார். தன் ஒட்டை விரலால் தடவினார். அவர் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. அதைப் பார்ப்பது ஜெபினுக்கு அடியைவிடக் கொடுமையாக இருந்தது.

"வெளிய சொல்லாதீய" என்றார் பொன்னுராஜ் கடைசியில். "என் வேலக் கோளாறுன்னே இருக்கட்டும். எனக்குப் பேரு போனா அது கதவு செஞ்சு திரும்ப வந்துரும். ஒங்களுக்குப் போச்சுன்னா செல்வி இந்தத் தெருவுல எப்பிடித் தண்ணி புடிக்கப் போவா?"

அன்று சாயங்காலம் ஜெபின் டீக்கடைக்குப் போனான். வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். பால்ச்சாமி டீயை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"பொன்னுராஜ் மச்சானோட படகுல ஒரு கோளாறும் இல்ல" என்றான். "தண்ணி வடிக்கிற மூடிய நான் தெறந்து விட்டேன். கடலுக்குப் போகப் பயந்துக்கிட்டு."

யாரோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். பால்ச்சாமி, "அப்ப அந்தச் சுறா?" என்று கேட்டார். அத்தனை வருடமும் அவர் அந்தச் சுறாவை வெளியூர்க்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"அது எங்க அண்ணனுக்கு நடந்தது."

பால்ச்சாமி நீட்டிய டீயை மெதுவாகத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். யாரும் திட்டவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நம்பித்தான் அவன் வந்திருந்தான். குறையவில்லை. திரும்பி நடக்கும்போது, தன் முதுகுக்குப் பின்னால் பேச்சு தொடங்குவது கேட்டது. வீடு வரைக்கும் அது கேட்பது போலவே இருந்தது.

பாண்டிசெல்வி வீட்டைவிட்டுப் போகவில்லை. சோறு வைத்தாள். கூடுதல் துண்டு எதுவும் வைக்கவில்லை. பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துப் பேசினாள். பொன்னுராஜிடம் அவன் டீக்கடையில் சொன்னது போய்ச் சேர்ந்தது. அவர் மறுநாள் ஆள் அனுப்பினார். அடிமூட்டை மறுபடி மூட வேண்டும், ரெசின் கலக்க ஒரு கை வேண்டும் என்றார். ஜெபின் போனான். வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் இருவரும் படகை மூடினார்கள். கண்ணாடித் தூள் அவன் கைகளிலும் ஏறித் தடித்தது.

தை மாதம் படகை லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஜெபக்குமார் படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தொட்டிகளின் இடைவெளியைக் கையால் அளந்தார். "இம்புட்டு அகலமா வைக்கணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளதான்" என்றார் பொன்னுராஜ். குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஜெபினுக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

படகைத் தள்ளும் நேரத்தில் பொன்னுராஜ் திரும்பி, "வாரீயளா?" என்று கேட்டார். வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரிக் கேள்வி. பாண்டிசெல்வி ஏற்கெனவே ஏறி, இந்த முறை மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஜெபின் ஏறினான்.

முதல் அலையிலேயே வலைத்தளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தான். அண்ணன் சுக்கானைப் பிடித்திருந்தார். பொன்னுராஜ் தாமான் கயிற்றை இழுத்துப் பாயைத் திருப்பினார். இன்ஜின் இரண்டும் நின்றன. இரட்டைத் தொட்டிகள் அலையைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. "ஏலே, இது பறக்குலே!" என்று ஜெபக்குமார் கத்தினார். பொன்னுராஜ் வாய்விட்டுச் சிரித்ததை ஜெபின் வலையில் முகத்தை அழுத்தியபடியே கேட்டான். பயத்தில் அவன் இரண்டு கைகளும் குழாயைக் கட்டியிருந்தன. கரைக்குப் போவோம் என்று கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். ஒரு முறை கத்தியும்விட்டான். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தோளுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. பாண்டிசெல்வியின் கை. அவன் வாங்கிக்கொண்டதும் கை போய்விட்டது.

கரையேறியபோது அவனால் நிற்க முடியாமல் மணலில் தவழ்ந்தான். பழைய ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிலர் படகைப் பார்க்க ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் படகைச் சுற்றித்தான் நின்றார்கள்.

ஜெபக்குமார் இப்போது அந்தப் படகில்தான் தொழிலுக்குப் போகிறார். பொன்னுராஜின் கொட்டகையில் இரண்டாவது படகு நிற்கிறது. கேட்டவர் ஜெபக்குமாரின் பக்கத்து வீட்டுக்காரர். ஷிப்டு முடிந்து ஜெபின் அங்கே போய் உரசித் தேய்க்கிற வேலை செய்கிறான். டீக்கடையில் மீன் பற்றி இப்போது அவனிடம் யாரும் கேட்பதில்லை. புயல் செய்தி வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

பங்குனியில் பாண்டிசெல்வியோடு மில்லில் வேலை பார்க்கும் முனீஸ்வரி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், எதுவும் தெரியாதவள். ஜெபினின் ஊர்ப் பேரைக் கேட்டதும், "அய்யோ, அப்ப அண்ணாச்சி கடலுக்கெல்லாம் போவாகளா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

ஜெபினின் கை தட்டில் நின்றது. காது சூடாகிவிட்டது.

"இல்லட்டி" என்றாள் பாண்டிசெல்வி, ரசம் ஊற்றிக்கொண்டே. "எங்க வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்கிடாது."

ஒருத்தருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். முனீஸ்வரி தலையாட்டிவிட்டு, ரசத்துக்குப் பூண்டு எவ்வளவு போட்டாய் என்று கேட்டாள். பேச்சு அதன் பாட்டுக்குப் போனது. ஜெபின் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.